கண்டக்டர் வைத்த வெந்நீர்

மனிதர்களை அதட்டுவதுபோல் இயந்திரங்களையும் அதட்டினால் வழிக்கு வந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பியவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், எனக்கு எதிர் வீட்டில் வசித்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கண்டக்டர். பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகள் செல்வி வாங்கிய வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய தொண்டைக்கு யாரும் அந்தத் தகவலைச் சொல்லவில்லை. லிஃப்டில் ஏறினால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பாரு" என்பார். லிஃப்டில் அவரும் நானும் மட்டும்தான் நின்றுகொண்டிருப்போம்.

கண்டக்டருக்கும் எங்கள் குடியிருப்புக்கும் இடையே பெரிய உறவு உண்டானது ஒரு டைமர் பெட்டியால்.

வீட்டை விற்கும்போது பில்டர் எங்களிடம் தேன் தடவிய குரலில் சொன்ன விஷயங்களில் ஒன்று, எல்லாப் பாத்ரூமுக்கும் வெந்நீர் குழாயிலேயே வரும் என்பது. மொட்டை மாடியில் வெயிலில் தண்ணீர் காய்வதற்கு ஒரு பெரிய தொட்டி. வெயில் இல்லாத மழைநாட்களுக்காக அதற்குள்ளேயே ஒரு கரண்ட் ஹீட்டர். அந்த ஹீட்டர் விடியற்காலையில் தானாக ஓடி, தானாக நிற்க, மாடிப்படி முடியும் இடத்தில் சுவரில் ஒரு டைமர் பெட்டி. சின்ன திரை, நான்கு பொத்தான்கள். மற்றதெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

முதல் சில வருடங்கள் பார்த்துக்கொண்டது. பிறகு ஒரு சித்திரை மாத மத்தியானம் நான்காவது மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. எங்கள் சங்கத்தின் செயலாளர் பத்மா மேடம், வங்கி அதிகாரி, காரைக்குடிக்காரர், விடுமுறை நாளில் நிதானமாகக் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்திருக்கிறார். ஆவி பறந்திருக்கிறது. ஏற்கெனவே வெயிலில் காய்ந்திருந்த தண்ணீரை ஹீட்டரும் சேர்ந்துகொண்டு மத்தியானம் காய்ச்சியிருக்கிறது. அதே பெட்டி, ஐப்பசியில் மழை கொட்டிய விடியற்காலையில் ஹீட்டரைத் தொடவே இல்லை. பதினாறு வீட்டிலும் ஐஸ் தண்ணீர்.

"பொட்டிக்கு இன்னாவோ ஆயிடுச்சு. நான் பாக்குறேன்" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்கு எலெக்ட்ரிகல் வேலை தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதுக்கு இன்னா? டயத்துக்கு வண்டி எடுக்காதவன எப்டி வழிக்குக் கொண்டாரணும்னு தெரியும்."

அவர் பழுது பார்த்த விதத்தை உலகத்தில் வேறு யாரும் பின்பற்றியிருக்க மாட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போய் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல் அதை உற்றுப் பார்த்தார். பிறகு விசாரணை தொடங்கியது. "டேய், எத்தினி மணிக்கு எடுக்கணும் நீ? எத்தினி மணிக்கு எடுத்த? கேக்குறேன்ல?" திரை கண்ணை மட்டும் சிமிட்டியது. "பாத்தியா நைனா, முழிக்குது. தப்பு பண்ணவன் முழிப்பான்" என்றார் என்னிடம்.

முதல் சந்தேகம் ரயில் மேல் விழுந்தது. பக்கத்தில்தான் ஸ்டேஷன். மின்சார ரயில் போகும்போது கட்டடம் அதிர்கிறது, அதில் பெட்டி நேரத்தைத் தவறவிடுகிறது என்பது அவர் கணிப்பு. என்னை மொட்டை மாடிச் சுவரோரம் நிற்க வைத்தார். ரயில் வந்தால் நான் "வருது" என்று கத்த வேண்டும், அவர் பெட்டியைக் கையும் களவுமாகப் பிடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நான் "வருது, வருது" என்று கத்திக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்தது பல்லி. பெட்டிக்குப் பின்னால் ஒன்று குடியிருந்தது. அதை வெளியேற்ற ஒரு துடைப்பம், இரண்டு முட்டை ஓடு, ஏராளமான வசவு தேவைப்பட்டன. பல்லி போனது. சாயங்காலம் திரும்பி வந்தது. பெட்டி பழையபடியேதான் இருந்தது.

மூன்றாவதாக, யாரோ பொத்தானை அமுக்கி விளையாடுகிறார்கள் என்று முடிவு செய்து, மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பூட்டும்போது பத்மா மேடம் உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை. மேடத்தின் குரல் கீழே கறிகாய் வண்டிக்காரருக்கே கேட்டது. சாவி அன்றோடு பறிமுதல்.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். பெட்டியில் காட்டும் மணி தினம் ஒரு தினுசாக இருந்தது. சில நாள் நம் கடிகாரத்துக்கு முன்னால், சில நாள் பின்னால். அவருக்கு அது புரிந்த விதம் வேறு.

"நேத்து சிங்கப்பூர் டைம் காட்னான். சரி, நம்ம பக்கம் வந்துகினு கீறான்னு பாத்தேன். இன்னிக்கு பாத்தா துபாய் டைம். நடுவுல மெட்ராஸ் ஸ்டாப்பிங்ல நிக்காமயே பூட்டான் நைனா!"

ஒரு வழியாகக் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். ஒல்லியான இளைஞர், அவசரத்தில் இருந்தார். கண்டக்டர் அவரைப் பெட்டியைத் தொடவிடாமல் ரயில், பல்லி, துபாய் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்த பிறகுதான் வழிவிட்டார். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உடனே சொல்லிவிட்டார்.

"உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு சார். கரண்ட் போனா மணி மறந்துடும். திரும்ப வந்ததும் பன்னெண்டுலேர்ந்து ஆரம்பிக்கும். இந்த மாடலே இப்ப வர்றதில்ல. பேட்டரி தனியா போட முடியாது. பெட்டியையே மாத்தணும்."

எங்கள் பகுதியில் மழை வரப்போகிறது என்று வானொலி சொல்வதற்கு முன்பே கரண்ட் போய்விடும். பெட்டி ஏன் ஊர் ஊராகச் சுற்றியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கண்டக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் சொல்லல? ஞாபக மறதின்னு" என்றார். அவர் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.

புதுப் பெட்டி வாங்குவதா என்று முடிவு செய்ய சங்கக் கூட்டம் போட்டோம். எங்கள் சங்கக் கூட்டங்கள் எல்லாமே அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று முடிவு செய்வதற்காகக் கூட்டப்படுபவை. பாதிப்பேர் ஆளுக்கொரு கீசர் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். பாதிப்பேர் பில்டரைப் பிடிக்கலாம் என்றார்கள். பில்டரைப் பிடிப்பதைவிட அந்தப் பல்லியைப் பிடிப்பது சுலபம். அப்போது பின்வரிசையிலிருந்து கண்டக்டர் எழுந்தார்.

"எதுக்கு இவ்ளோ பேச்சு? கரண்ட் போனா அதுக்கு டைம் மறந்துடுது. அவ்ளோதானே? யாராச்சும் ஞாபகப்படுத்தணும். நான் கீறேன்ல?"

அப்படித்தான் எங்கள் குடியிருப்பின் டைமராக அவர் பதவியேற்றார். கரண்ட் போய் வந்தால் போதும், எதிர் வீட்டுக் கதவு திறக்கும். லிஃப்ட் நான்காவது மாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல் படிதான். முழங்காலைப் பிடித்தபடி ஏறுவார். "வா நைனா, மெட்ராஸுக்கு வா" என்று பெட்டியைக் கொஞ்சிக்கொண்டே சரியான மணியை வைப்பார். ஆமாம், கொஞ்சிக்கொண்டே. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அவர் பெட்டியை அதட்டுவதை விட்டுவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விடியற்காலையில் முதலில் தன் வீட்டுக் குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மாடி மாடியாக நடந்து விசில் ஊத ஆரம்பித்தார். பழைய கண்டக்டர் விசில். "வெந்நி ரெடி! வெந்நி ரெடி! ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு போறவங்கல்லாம் முன்னாடி வா! ஊட்லயே குந்திகினு கம்ப்யூட்டர் தட்றவங்கல்லாம் பின்னாடி குளி!" ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் படுத்த ஐ.டி. பையன்கள் கண்ணீர் விட்டார்கள். பத்மா மேடம் விசிலையும் பறிமுதல் செய்தார். அதற்கப்புறம் கதவில் விரலால் மெல்லத் தட்டிவிட்டுப் போனார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று எந்தெந்த வீட்டில் யார் சீக்கிரம் கிளம்புகிறார்களோ அந்தக் கதவுகளை மட்டும். ஒரு நாளும் வீடு மாறித் தட்டியதில்லை.

ஒரு கார்த்திகை மாத விடியற்காலை. இரவெல்லாம் மழை. கரண்ட் வந்து வந்து போனது. இந்தப் படியில் இவர் எத்தனை முறைதான் ஏறுவார் என்று நானும் மேலே போய்ப் பார்த்தேன். அவர் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கரண்ட் மறுபடி போனால் இறங்கி ஏற வேண்டுமே என்று அங்கேயே தங்கிவிட்டார்.

"ஏண்ணே இந்தப் பாடு? ஒரு நாள் பச்சத்தண்ணில குளிச்சா யாரும் செத்துட மாட்டாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு எப்பவும் ஃபர்ஸ்ட் பஸ்ஸு நைனா. விடியறதுக்கு முன்னாடி டிப்போல இருக்கணும். செல்வி அம்மா எனக்கு முன்னாடி எந்திரிச்சு, ஸ்டவ்வு மூட்டி, ஒரு குண்டான் வெந்நி வெச்சுக் குடுக்கும். மழயோ பனியோ, ஒரு நாள் தவறல. எனக்கு ஊத்திக் குடுத்துட்டு அது பச்சத்தண்ணில குளிச்சுட்டு வரும். நீயும் வெந்நி வெச்சிக்கயேன்னா, 'எனக்குப் பச்சத்தண்ணிதான்யா புடிக்கும், வெந்நி ஒத்துக்காது'ன்னும். நானும் நம்பிகினேன்."

பெட்டியின் திரையைக் கையால் துடைத்தார்.

"கடசியா ஆஸ்பத்திரில கெடந்துச்சு பாரு, நர்ஸம்மா வெந்நில துணிய நனைச்சு ஒடம்பு தொடச்சு வுட்டாங்க. கண்ண மூடிகினே கேட்டுச்சு, 'ஏய்யா, வெந்நி இவ்ளோ சொகமாவா இருக்கும்?'னு."

தொட்டியில் ஹீட்டர் ஓடும் சத்தம் மெலிதாகக் கேட்டது.

"மண்ணெண்ண மிச்சம் புடிச்சிகீது நைனா அது. இத்தினி வருசம். நான் ஒரு நாள், ஒரே ஒரு லீவு நாள், எந்திரிச்சு அடுப்ப மூட்டி ஒரு சொம்பு வெந்நி வெச்சுக் குடுத்திருக்கலாம்ல? தோணவே இல்ல பாரேன். அத்தினி பேருக்கு எடம் புடிச்சுக் குடுத்தேன் பஸ்ஸுல. ஊட்ல தோணல."

அதற்குள் கரண்ட் மறுபடி போனது. "ஆரம்பிச்சிட்டான்யா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். வழக்கமான குரல் திரும்பியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது. கரண்ட் வந்ததும் அவசரமாக ஏறியவர், நனைந்த படியில் வழுக்கி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினோம். இடுப்பு எலும்பு போயிருந்தது. வலியில் முகம் வெளுத்துக் கிடந்த மனிதரை நானும் வாட்ச்மேனும் தூக்கப் போனபோது, ஒரு கையால் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

"மொதல்ல பொட்டிக்கு டைம் வெச்சிட்டு வா. அப்பால தூக்கு."

"அண்ணே, ஆம்புலன்ஸ் வந்துகிட்டு இருக்கு!"

"அது வரட்டும். நீ போய் வெய்யி. இன்னிக்கு டீச்சரம்மாக்கு பரிச்ச ட்யூட்டி."

நான் போய் மணி வைத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினேன். கீழே படுத்தபடியே, "நடு பொத்தான், நடு பொத்தான்" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கைப்பிடியை விட்டார்.

அந்த வாரமே பத்மா மேடம் யாரையும் கேட்காமல், கூட்டமும் போடாமல், புது டைமர் வரவழைத்து மாட்டிவிட்டார். கைபேசியிலிருந்தே இயக்கலாம். கரண்ட் போனாலும் வந்தாலும் மணியை அதுவே எங்கிருந்தோ தெரிந்துகொள்ளும். இனிமேல் அந்த மனிதர் படியேறவே வேண்டாம் என்று எல்லோருக்கும் நிம்மதி. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கரோடு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. பழக்கத்தில் எழப்போனவர், என்னைப் பார்த்து, "டைம் வெச்சிட்டியா நைனா?" என்றார்.

"புதுப் பெட்டிண்ணே. அதுவே வெச்சுக்கும்."

"அதுவேவா?"

"அதுவேதான்."

"யாரும் போவ வேணாமா?"

"வேண்டாம்ணே."

"அப்ப சரி" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "அப்ப சரி" என்றார்.

அதன்பின் சில நாள் அந்தப் புதுப் பெட்டியில் குற்றம் கண்டுபிடிக்கத் தலைகீழாக நின்றார். விடியற்காலையில் குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போடுவார். "மேடம், ரெண்டு நிமிசம் லேட்டு இன்னிக்கு. யாராவது மேல போய் பாத்தா தேவல." மேடம் கைபேசியைப் பார்த்துவிட்டு, "இல்லியே, கரெக்டாத்தான் இருக்கு" என்பார். கரெக்டாகத்தான் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பெட்டி ஒரு தடவையாவது துபாய் போய்விட்டு வந்திருக்கலாம். போகவில்லை. போன்கள் குறைந்தன. கதவு தட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. லிஃப்டில் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி நின்றார். 'உள்ள போ' இல்லை.

பத்மா மேடம் ஒரு நாள் என்னிடம் சொன்னார், "புதுசு வாங்கினது சரிதான் சார். ஆனா அவரு செய்யறதுக்குன்னு ஏதாவது ஒண்ண நாம விட்டு வெச்சிருக்கணும். எனக்கு அப்பத் தோணலையே." எனக்கும் தோணவில்லை. எங்கள் பதினாறு வீட்டில் யாருக்குமே தோணவில்லை.

செல்வி பாரிவாக்கத்தில் தனி வீடு கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் முடிந்தது. படி இல்லாத வீடு, அப்பாவுக்கு வசதி என்று குடிபோய்விட்டார்கள்.

போன வருடம் கத்திரி வெயிலில் ஒரு வேலையாகப் பூந்தமல்லி வரை போனவன், அப்படியே பாரிவாக்கத்துக்கு வண்டியைத் திருப்பினேன். ஆடியில் அவர் காலமாகிவிட்டார். அதனால் அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா நைனா! வேர்த்து ஊத்திகினு வந்துகீற. குந்து, குந்து. இதோ வந்துட்டேன்" என்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எங்கே போகிறார் என்று புரியவில்லை. செல்வி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கீசர் போடப் போறாரு சார். யாரு வந்தாலும் இப்டித்தான். நான் காலைல எந்திரிக்கறதுக்குள்ள எனக்கும் போட்டு, பக்கெட்ல புடிச்சு வெச்சிர்றாரு. எனக்கு நெஜமாவே பச்சத்தண்ணிதான் புடிக்கும். சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. 'உங்கம்மாவும் இப்டித்தான் சொன்னா'ங்கறாரு. அதான் ஒண்ணும் சொல்றதில்ல, குளிச்சிர்றேன்." சற்றுத் தயங்கினாள். "நீங்களும் வேணாம்னு சொல்லிடாதீங்க சார்."

உள்ளிருந்து குரல் வந்தது. "நைனா! ரெடி ஆயிடுச்சு, வா. ரெண்டு சொம்பு ஊத்திகினு வந்தா அலுப்புலாம் பூடும்."

மின்விசிறியே அனல் கக்கிக்கொண்டிருந்த மத்தியானம். வெளியே தார் உருகியது. பாத்ரூம் வாசலில் தோளில் துண்டோடு, ஒரு கை வாக்கரில், ஒரு கை பக்கெட்டின் விளிம்பில் பதம் பார்த்தபடி அவர் நின்றிருந்தார். உள்ளே ஆவி பறந்தது.

துண்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஒரு பக்கெட் வெந்நீரையும் ஒரு சொம்பு மிச்சம் வைக்காமல் குளித்துவிட்டு வந்தேன்.